ஏஜியன் தீவுகளில் மெல்டெமி காற்று: கோடை விடுமுறைக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

கிரேக்கத் தீவுகளின் புகைப்படங்களில் காற்று தெரிவதில்லை. வெள்ளையடித்த சுவர்களும் நீலக் கதவுகளும் மேகமற்ற வானமும் மட்டுமே தெரிகின்றன. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அந்த வானத்தை நம்பிக் குடையும் துண்டுமாகக் கடற்கரைக்குப் புறப்படுபவர், பறந்துவரும் மணல் கணுக்காலில் ஊசியாய்க் குத்தும்போதுதான் மெல்டெமி என்ற பெயரை முதன்முதலாகக் கேள்விப்படுகிறார். நாக்சோஸ் தீவில் எனக்கும் அப்படித்தான் அந்தப் பெயர் அறிமுகமாயிற்று. காலையில் கண்ணாடிபோல் கிடந்த கடல் பிற்பகல் இரண்டு மணிக்குள் நுரைபூத்துப் போனது. நான் ஊன்றியிருந்த குடை உள்வெளியாகப் புரண்டு, பக்கத்தில் அமர்ந்திருந்த குடும்பத்தைத் தாண்டி ஓடியது. இந்தக் காற்றை எதிர்த்து நிற்பதில் பயனில்லை. ஆனால் அது எத்திசையிலிருந்து, நாளின் எப்பொழுதில், ஏறத்தாழ எத்தனை நாளுக்கு வீசும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், அதற்கேற்ப இடத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள முடியும்.

மெல்டெமி என்பது கோடைக்காலத்தில், கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையிலுள்ள ஏஜியன் கடல் முழுவதும் வடக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று. பண்டைய கிரேக்கர்கள் இதை ஆண்டுதோறும் வருவது என்ற பொருளில் எட்டீசியக் காற்று என்றனர். மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப் இக்காற்று வீசும் காலத்தைக் கணக்கிட்டே படையெடுக்கிறான் என்றும், அப்போது ஏதென்ஸின் கப்பல்களால் வடக்கே சென்றுசேர முடிவதில்லை என்றும் ஏதென்ஸின் சொற்பொழிவாளர் டெமாஸ்தெனீஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் தம் நகரத்தாரை எச்சரித்தார். பால்கன் பகுதியின் மேல் காற்றழுத்தம் கூடியும் துருக்கியின் அனடோலியப் பீடபூமியின் மேல் வெப்பத்தால் குறைந்தும் இருக்கும்போது, இரண்டுக்கும் நடுவிலுள்ள ஏஜியன் கடல் காற்றோடும் வாய்க்காலாகிவிடுகிறது. அந்தத் தாழ்வழுத்தம் நமக்கு அந்நியமானதன்று. தென்மேற்குப் பருவமழையை இந்தியாவுக்கு இழுத்துவரும் தாழ்வழுத்தப் பரப்பு பாகிஸ்தான், பாரசீக வளைகுடா வழியாக மேற்கே நீண்டு செல்கிறது. அதன் வால்தான் துருக்கியின் மேல் கிடக்கிறது. அம்மியும் பறக்கும் என்று நாம் சொல்லும் ஆடி மாதமும் மெல்டெமி உச்சம் கொள்ளும் வாரங்களும் ஒன்றாக அமைந்திருப்பதில் அதனால் வியப்பில்லை. திசையைப் பார்த்தால் இது வாடைக்காற்று. ஆனால் நம் வாடை மார்கழிக் குளிரோடு வரும், இது சுட்டெரிக்கும் வெயிலோடு வரும்.

மே மாத நடுவிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை இது எப்போது வேண்டுமானாலும் வீசலாம் என்றாலும், ஜூலையிலும் ஆகஸ்டிலும்தான் வலுவாகவும் அடிக்கடியும் வீசுகிறது. பொதுவாக முற்பகலில் எழுந்து, பிற்பகலில் உச்சத்தைத் தொட்டு, பொழுது சாய்ந்தபின் தணியும். வலுவான சுற்று ஒன்று தொடங்கிவிட்டால் இரவிலும் ஓயாமல் மூன்று நாள் முதல் ஆறு நாள் வரை, சில வேளைகளில் அதற்கும் மேலாக, நீடிப்பதுண்டு. கருமேகமோ மின்னலோ முன்னறிவிப்பாக வராது என்பதால் வானத்தைப் பார்த்து முடிவு செய்யும் நம் பழக்கம் அங்கே உதவாது. முன்னறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

கிரேக்கத்தில் காற்றின் வேகத்தை, அதன் வலுவை எண்களால் படிநிலைப்படுத்தும் போஃபர்ட் அளவில் சொல்வார்கள். கடைக்காரர் முதல் கப்பல் சீட்டு விற்பவர் வரை "இன்று ஆறு, நாளை ஏழு" என்றுதான் பேசுவார்கள் என்பதால் இந்த எண்களை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. 4 என்றால் மணிக்கு 20 முதல் 28 கி.மீ.; கடலில் வெள்ளை நுரை தலைகாட்டும், குளிக்கலாம். 5 என்றால் 38 கி.மீ. வரை, திறந்த கடற்கரையில் மணல் பறக்கத் தொடங்கும். 6 என்றால் 39 முதல் 49 கி.மீ.; குடையைக் கையால் பிடித்திருப்பதே கடினம். 7 என்பது 50 முதல் 61 கி.மீ. வரை, 8 என்பது 62 முதல் 74 கி.மீ. வரை, இந்த நிலையில் கப்பல் போக்குவரத்தைப் பற்றித்தான் ஊரே பேசிக்கொண்டிருக்கும். கிரேக்க தேசிய வானிலைச் சேவையின் அறிவிப்புகளோடு, விண்டி போன்ற செயலிகளில் மணிவாரியான வேகத்தையும் திசையையும் பார்த்துக்கொள்ளலாம். சராசரி வேகத்தைவிடத் திடீர் வீச்சின் வேகம் மிகுதியாக இருக்கும்; இரண்டும் தனித்தனியே தரப்பட்டிருந்தால் பெரிய எண்ணையே கணக்கில் கொள்ளுங்கள்.

எந்தத் தீவுக்குச் செல்வது என்பதை இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கு வேலை எளிது. மிக்கோனோஸ், டினோஸ், பாரோஸ், நாக்சோஸ் முதலிய சைக்ளடீஸ் தீவுகள் காற்றின் நேர்வழியில் இருக்கின்றன. தென்கிழக்கே கார்பதோஸ் தீவும் அப்படியே. காற்று அறவே பிடிக்காதவர்கள் மேற்கே அயோனியன் கடலிலுள்ள கோர்ஃபு, கெஃபலோனியா, ஜாக்கிந்தோஸ் தீவுகளையோ, ஏதென்ஸுக்கு அருகில் சரோனிக் வளைகுடாவிலுள்ள ஏஜினா, ஹைட்ரா தீவுகளையோ தேர்ந்தெடுக்கலாம். சைக்ளடீஸ்தான் வேண்டும் என்றால் ஜூன் முதல் பாதியோ செப்டம்பர் பிற்பகுதியோ ஏற்றது. இன்னொரு பக்கமும் இருக்கிறது: மெல்டெமி வீசாத ஆகஸ்ட் நாளில் தீவுகளில் அடிக்கும் புழுக்கத்தை அனுபவித்தவர்கள் இந்தக் காற்றைக் குறை சொல்லத் தயங்குவார்கள்.

தீவுக்குப் போய்ச் சேர்ந்தபின் செய்ய வேண்டிய முதல் வேலை, வரைபடத்தை விரித்து அன்றைய காற்றின் திசையை அதன்மேல் வைத்துப் பார்ப்பது. எந்தத் தீவுக்கும் ஒரு முதுகு உண்டு. நடு ஏஜியனில் காற்று நேர்வடக்கிலிருந்து வருவதால் தென்கரை மறைவாக இருக்கும். மிக்கோனோஸில் வடக்கே பார்த்த ஃப்டெலியா விரிகுடாவில் பாய்ச்சறுக்கு வீரர்கள் பறந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில், தெற்கேயுள்ள ஓர்னோஸ், பிளாட்டிஸ் யாலோஸ் கடற்கரைகளில் குழந்தைகள் நீரில் விளையாடலாம். டினோஸின் வடகரையிலுள்ள கொலிம்பித்ராவுக்கு அலைச்சறுக்குக்காகவே ஆட்கள் வருகிறார்கள். தென்கிழக்கே செல்லச் செல்லக் காற்று வடமேற்காகவும் மேற்காகவும் திரும்புகிறது. ஆகவே ரோட்ஸ் தீவில் மேற்குக் கரையிலுள்ள இக்ஸியாவும் யாலிஸோஸும் இரைச்சலாக இருக்கையில், கிழக்குக் கரையிலுள்ள ஃபலிராகியும் லிண்டோஸும் அமைதியாக இருக்கும். அத்தீவின் தென்முனையான பிரசோனிஸியில் ஒரு மணல் திட்டின் ஒரு புறம் அலை புரள்வதையும் மறுபுறம் நீர் தட்டையாகக் கிடப்பதையும் ஒரே இடத்தில் நின்று காணலாம். இந்த வழிகாட்டி முழுவதும் சொல்ல முயல்வதை அந்த இடம் ஒரு பார்வையில் காட்டிவிடுகிறது.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. மறைவுப் பக்கத்தில் உயரமான மலை செங்குத்தாகக் கடலில் இறங்கினால், காற்று மலைமுகட்டைத் தாண்டிக் கீழே சரிந்து, விட்டுவிட்டுக் கடுமையாக அறையும். கிரீட்டின் தென்கரையில் பிளாக்கியாஸ் போன்ற ஊர்களிலும் அமோர்கோஸின் தென்பக்கத்திலும் இதை உணரலாம். எனவே தென்கரை என்பது மட்டும் போதாது. பின்னணியில் தாழ்ந்த குன்றுகளும் வளைந்த விரிகுடாவும் உள்ள இடமாகவும் பார்க்க வேண்டும்.

மறைவான கடற்கரையின் ஆபத்தைப் பலர் உணர்வதில்லை. அங்கே காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரம் நீர் குளம்போல் இருப்பதால் பாதுகாப்பு என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஆனால் காற்றடைத்த மெத்தையோ மிதவை வளையமோ பாய்மரத்துக்கு ஒப்பானது. கரையிலிருந்து ஐம்பது மீட்டர் சென்றதும் மறைவு விலகி, மிதவை நீந்துபவரைவிட வேகமாக ஓடத் தொடங்கும். இளஞ்சிவப்பு நாரை வடிவ மிதவை ஒன்று ஒரு சிறுமியின் கையிலிருந்து நழுவி, அவள் தந்தை நான்கு வீச்சு நீந்துவதற்குள் படகுகளைக் கடந்து சென்றதை நான் பார்த்திருக்கிறேன். நல்லவேளையாக அவர் திரும்பி வந்துவிட்டார். காற்றுள்ள நாளில் மிதவைகளை அறையிலேயே விட்டுவிடுங்கள். துடுப்புப் பலகையும் கயாக்கும் வாடகைக்கு எடுக்காதீர்கள். பந்தோ மிதவையோ அடித்துச் செல்லப்பட்டால் போகட்டும் என்று விட்டுவிட வேண்டும் எனக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். யாரேனும் அடித்துச் செல்லப்பட்டால் பொது அவசர உதவி எண்ணான 112 அல்லது கடலோரக் காவல்படையின் 108 எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

விடுமுறைத் திட்டத்தை மெல்டெமி உண்மையில் குலைப்பது கடற்கரையில் அன்று, துறைமுகத்தில்தான். காற்று குறிப்பிட்ட அளவை மீறும்போது அரசு கப்பல்கள் புறப்படுவதற்குத் தடை விதிக்கிறது; இதை அங்கே 'அபகோரெஃப்திகோ' என்பார்கள். சிறு கலங்களும் அதிவேகக் கப்பல்களும் முதலில் நிறுத்தப்படும். பெரிய கப்பல்கள் பெரும்பாலும் 8ஐ எட்டும்வரை ஓடும். எவியா, ஆண்ட்ரோஸ் தீவுகளுக்கு இடையிலுள்ள காஃபிரேயாஸ் நீரிணை காற்றுக்குப் பெயர்போனது. ஆகவே ஜூலை, ஆகஸ்டில் பயணம் செய்பவர்களுக்கு என் முதல் அறிவுரை, இடைவிடாத அலையடிப்பைத் தாங்கும் பெரிய வழக்கமான கப்பலிலேயே சீட்டு எடுங்கள் என்பது. இரண்டு மணி நேரம் கூடுதலாகும், ஆனால் போய்ச் சேர்வீர்கள். இரண்டாவது அறிவுரையை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன்: தீவிலிருந்து கப்பலில் ஏதென்ஸ் வந்து அதே நாள் விமானம் ஏறுவதாகத் திட்டமிடாதீர்கள். கடைசி இரவையாவது ஏதென்ஸில் கழியுங்கள். ஷெங்கன் விசாவில் செல்பவர்கள் விசா முடியும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் இடையே சில நாட்கள் விட்டு வையுங்கள்.

கப்பல் ரத்தானால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 விதிமுறைப்படி, கூடுதல் கட்டணமின்றி அடுத்த வாய்ப்பில் பயணம் செய்வதையோ பணத்தைத் திரும்பப் பெறுவதையோ நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். வானிலை காரணமான ரத்துக்கு இழப்பீடோ விடுதிச் செலவோ கேட்க முடியாது என்பதால் அதற்கான பயணக் காப்பீடு உங்கள் கையில் இருக்க வேண்டும். தடை அறிவிக்கப்பட்டவுடன் சீட்டு விற்பனை அலுவலகத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். தடை நீங்கும் நாளின் முதல் கப்பலில் இடம் பிடிக்க உடனே செல்லுங்கள். மிக்கோனோஸிலிருந்து டெலோஸ் தீவுக்குச் செல்லும் படகுப் பயணத்தைத் தங்கலின் முதல் நாட்களிலேயே வைத்துக்கொண்டால், அது நின்றாலும் மறுநாள் முயல இடமிருக்கும். குமட்டல் வருபவர்கள் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் அமர்வது நல்லது. மாத்திரை எடுப்பதாக இருந்தால் புறப்படுவதற்கு முன்பே மருத்துவர் சொன்ன அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும், ஆட்டம் தொடங்கியபின் போடுவதில் பயன் குறைவு.

சில சிறு எச்சரிக்கைகளும் உண்டு. வாடகைக் காரின் கதவை ஒரு கையால் இறுகப் பிடித்தே திறக்க வேண்டும். பின்னாலிருந்து வரும் வீச்சு கதவைப் பிடுங்கி முன்பக்கமாக மடக்கிவிடும், காற்றால் நேரும் அச்சேதத்தைக் காப்பீடு ஏற்குமா என்பதை ஒப்பந்தத்தில் படித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் காரின் முகம் காற்றை நோக்கியிருக்குமாறு நிறுத்துங்கள். மலைமுகட்டுச் சாலைகளில் ஸ்கூட்டர் ஓட்டுவதை அன்றைக்குத் தள்ளிப்போடுங்கள். காற்று உடலைக் குளிர்விப்பதால் வெயில் உறைக்காது. தோல் வெந்துபோனது இரவில்தான் தெரியும். கண்ணில் லென்ஸ் அணிபவர்கள் அன்று மூக்குக்கண்ணாடிக்கு மாறிவிடுவது நல்லது. காய்ந்த புல் நிறைந்த தீவுகளில் காற்றுள்ள நாள் என்பது காட்டுத்தீ அபாயமுள்ள நாளும் ஆகும். சிகரெட் துண்டைக் கூட வெளியே எறியக்கூடாது, கைப்பேசிக்கு 112 எச்சரிக்கை வந்தால் அதில் சொல்லப்படும் திசையில் உடனே வெளியேற வேண்டும்.

இரவு உணவுக்கு எங்கே அமர்வது என்பதையும் காற்றே முடிவு செய்யட்டும். நீர்முகப்பு உணவகங்களில் காகித மேசைவிரிப்பை நான்கு மூலையிலும் கவ்விகளால் இறுக்கி வைத்திருப்பார்கள். விரிப்பு நடுவில் பாய்மரம்போல் உப்பிக்கொண்டிருந்தால், தட்டில் இருக்கும் கீரை இலையும் அங்கே தங்காது. அப்போது ஊருக்குள் இரண்டு திருப்பங்கள் உள்ளே நடந்து செல்லுங்கள். சைக்ளடீஸ் ஊர்களின் குறுகி வளைந்த சந்துகள் காற்றின் வேகத்தை உடைத்துவிடும். அங்கே ஒரு சிறு முற்றத்தில், மேசைமேல் வைத்த மெழுகுவர்த்தி அணையாமல் எரியும் இடமாகப் பார்த்து அமருங்கள்.