ஆண்குறித் தோலைப் பரிசோதிக்கும்போது நர்ஸ்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்க்காமலேயே கேஸ் ஷீட்டில் 'நார்மல்' என்று எழுதுவதுதான் முதல் தவறு. நோயாளிக்கும் கூச்சம், நமக்கும் கூச்சம், சரி. ஆனால் ஸ்கிரீனை இழுத்துவிட்டு, எதற்காகப் பார்க்கிறோம் என்று சொல்லிச் சம்மதம் கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. முன்தோலை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளி மொட்டையும், அதாவது ஆண்குறியின் நுனிப் பகுதியையும், பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பலவந்தம் வேண்டாம். முடிந்ததும் தோலை மறக்காமல் முன்னுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். குறிப்பாகக் கதீட்டர் (சிறுநீர் வெளியேற்றும் குழாய்) போட்ட பிறகு இதை மறந்தால், பின்னால் மாட்டிக்கொண்ட தோல் கயிறு கட்டியதுபோல் இறுகி, மொட்டு வீங்கி, ரத்த ஓட்டமே தடைபடலாம். அது எமர்ஜென்சி.

அடுத்தது, எதைக் கண்டாலும் பால்வினை நோய் என்று முடிவு கட்டுவது. மொட்டின் விளிம்பைச் சுற்றி ஒரே அளவில், வரிசையாக, தோல் நிறத்தில் இருக்கும் குட்டிப் பருக்கள் பல ஆண்களுக்கு இயல்பிலேயே உண்டு. தொற்றாது, சிகிச்சையும் வேண்டாம். மாத்திரை சாப்பிட்டபின் மொட்டில் கருஞ்சிவப்பாக ஒரு வட்டம், சில சமயம் புண்ணாகவே, அதுவும் முன்பு வந்த அதே இடத்தில் வந்தால் மருந்து ஒவ்வாமையை நினையுங்கள். கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கும் வலி மாத்திரைகளும் இதைச் செய்யும். என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்காமல், மனைவியை வைத்துக்கொண்டே 'வெளியே எங்கேயாவது போனீங்களா' என்று கேட்டால் அந்தக் குடும்பம் என்ன ஆகும்?

அதற்காக வலிக்காத புண்ணை விட்டுவிடவும் கூடாது. சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் முதல் புண் பெரும்பாலும் வலிக்காது, சில வாரத்தில் தானாகவே ஆறிவிடும், நோய் மட்டும் உடம்பில் இருக்கும். இடம், அளவு, எண்ணிக்கை, வலி, இடுப்பு மடிப்பில் நெறி கட்டியிருக்கிறதா, எல்லாவற்றையும் எழுதுங்கள்.

மொட்டு சிவந்து, வெள்ளையாகப் படிந்து அரித்தால் 'சுத்தமா இருக்கக் கூடாதா' என்று திட்டி, சோப்புப் போட்டுத் தேய்க்கச் சொல்வதைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது. சோப்பு எரிச்சலைக் கூட்டும். முதலில் சுகர் பாருங்கள், இந்தப் பூஞ்சைத் தொற்று சிலருக்குச் சர்க்கரை நோயின் முதல் அறிகுறி. டபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் வரலாம்.

விதைப்பையிலும் ஆண்குறியிலும் அரிக்கும் முடிச்சுகள், ராத்திரியில் அரிப்பு அதிகம் என்றால் சிரங்கு. வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது என்று கேளுங்கள். தொடை இடுக்குப் படர்தாமரை என்றால் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய கிரீமைக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால் வட்ட விளிம்பு மங்கிப்போய் ஆளை ஏமாற்றும்.

அப்புறம், சர்க்கரை நோயாளிக்கு விதைப்பையில் கண்ணுக்குத் தெரிவதைவிட வலி அதிகமாக இருந்து, கூடவே காய்ச்சல், தோலில் கருமை, அழுத்தினால் நறநறப்பு என்று எது சேர்ந்தாலும் ரவுண்ட்ஸ் வரும்வரை காத்திருக்காதீர்கள். மணிக்கணக்கில் பரவி உயிரையே எடுக்கும் திசு அழுகலாக இருக்கலாம் அது, டியூட்டி டாக்டரை அந்த நிமிடமே கூப்பிடுங்கள்.