கோட்டா இருக்கும் கடலில் பிடிப்புக் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிடிப்பு வரைபடத்தில் கோடு பல வருடம் நேராகப் போனால், "சரி, மீன்வளம் நிலையாக இருக்கிறது" என்று சொல்லிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கோட்டா, அதாவது ஓர் ஆண்டில் பிடிக்க அனுமதித்த அளவு, 20,000 டன் என்றால் கணக்கும் அதை ஒட்டித்தான் வரும். கடலில் மீன் இரண்டு மடங்காகியிருந்தாலும் அப்படித்தான், பாதியாகக் குறைந்து படகுகள் கூடுதல் நேரம் வலை இழுத்து அந்த அளவை எட்டியிருந்தாலும் அப்படித்தான். அதனால் அந்தந்த ஆண்டின் கோட்டாவையும் அதே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். கோட்டா மிச்சமான ஆண்டுகள் சுவாரசியமானவை. மீன் கிடைக்கவில்லையா, விலை இல்லையா, இல்லை கூடவே மாட்டும் வேறொரு இனத்தின் கோட்டா தீர்ந்துபோய் படகு கரையிலேயே நின்றுவிட்டதா என்று விசாரிக்காமல் எதுவும் சொல்ல முடியாது.

அடுத்தது, கரைக்கு வந்ததையே பிடித்ததாக எடுத்துக்கொள்வது. கோட்டா கொஞ்சம்தான் என்றால், விலை போகாத சின்ன மீனைக் கடலிலேயே கொட்டிவிட்டுப் பெரியதை மட்டும் கொண்டுவரத் தோன்றும். கொட்டியதில் பெரும்பாலானவை பிழைக்காது, கணக்கிலும் ஏறாது. துறைமுகத்தில் மட்டும் அளந்து பார்ப்பவருக்குக் கடலில் குஞ்சு மீனே இல்லாதது போலத் தெரியும். நார்வே 1987இல் காட், ஹாடக் என்ற குளிர்கடல் மீன்களைக் கொட்டத் தடை போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் இதுபோன்ற தடையை 2015 முதல் 2019 வரை படிப்படியாகக் கொண்டுவந்தது. இப்படி விதி மாறிய ஆண்டுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே தொடராக ஒட்டாதீர்கள். தடை போட்டதும் கொட்டுவது நின்றுவிட்டது என்று நம்புவதும் வெகுளித்தனம்.

"அப்படியானால் ஒரு மணி நேர இழுவைக்கு எவ்வளவு கிடைத்தது என்று பார்க்கலாமே" என்பார்கள். பார்க்கலாம், ஆனால் அதுவும் ஏமாற்றும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து பக்கம் 1980களில் காட் மீன் குறைந்துகொண்டே வந்தபோதும், மிச்சம் இருந்தவை கூட்டமாகச் சேர்ந்த இடங்களைத் தேடிப்போன இழுவைக் கப்பல்களுக்கு நல்ல பிடிப்பு கிடைத்துக்கொண்டே இருந்தது. 1992 ஜூலையில் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. கோட்டாவை வாங்கி விற்கலாம் என்ற இடத்தில் இன்னொரு சிக்கல்: திறன் குறைந்த படகுகள் விற்றுவிட்டு விலகும், மீதிப் படகுகளின் சராசரி தானாக ஏறும், கடலில் ஒரு மீன்கூட அதிகமாகியிருக்காது. கோட்டா தீரப்போகும் இனத்தை மாலுமிகள் வேண்டுமென்றே தவிர்த்தால் சராசரி இறங்கும், அங்கே மீன் நிறையவே இருக்கலாம்.

ஆண்டுக் கணக்கையும் கவனியுங்கள். ஐஸ்லாந்தின் மீன்பிடி ஆண்டு செப்டம்பர் 1இல் தொடங்குகிறது. ஜனவரி–டிசம்பர் எண்ணை அந்தக் கோட்டாவோடு ஒப்பிட்டால் இல்லாத மீறல்கள் எல்லாம் தெரியும்.

கடைசியாக, கோட்டா இருக்கும் இடத்தில் குறைத்துச் சொல்லக் காரணமும் இருக்கும். தெற்கு நீலத்துடுப்புச் சூரை மீனில் பல ஆண்டுகள் பிடிப்பு குறைத்துக் காட்டப்பட்டது 2006இல் பெரிய பிரச்சினையாகி, ஜப்பானின் கோட்டா 6,065 டன்னிலிருந்து 3,000 டன்னாக வெட்டப்பட்டது. இது எடுத்த மீனின் கணக்கு மட்டும் தப்பாகிற விஷயம் இல்லை. கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று மதிப்பிடும் கணித மாதிரி, கொஞ்சமே பிடித்தும் மீன் குறைகிறதே என்று பார்த்து, அந்த இனம் பெருகும் வேகமே குறைவு என்று கணக்குப் போட்டுவிடும்.