காமிக்ஸ் ஹீரோவோட சொல்லாம விட்ட பூர்வீகத்த தோண்டி எடுக்குறது எப்படி

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் பழைய காமிக்ஸ் சேர்க்குறவங்க நாலு பேரு ஒண்ணா உக்காந்தா பேச்சு எப்படியும் இங்க வந்துரும், மாயாவிக்கு கல்யாணம் ஆச்சா இல்லயா. ஒருத்தர் ஆச்சு, ரெட்டை புள்ளைங்களே இருக்குன்னுவாரு, இன்னொருத்தர் போய்யா, கரண்ட்டு ஷாக் வாங்கி மறைஞ்சு திரியிறவனுக்கு எங்க கல்யாணம்னுவாரு. ரெண்டு பேருமே கரெக்ட்டு, ஏன்னா ஆளே வேற. ராணி காமிக்ஸ்ல மாயாவின்னு வந்தவரு அமெரிக்காவுல லீ ஃபாக் 1936ல பேப்பர்ல ஆரம்பிச்ச ஃபேன்டம், முத்து காமிக்ஸ்ல வேதாளர்னு வந்தவரும் இவரேதான். முத்துவோட இரும்புக்கை மாயாவி 1962ல பிரிட்டன்ல வேலியன்ட் பத்திரிகைல வந்த லூயிஸ் கிராண்டேல். அதனால எதையும் தேடுறதுக்கு முன்னாடி ஒரிஜினல் பேரு, எந்த பத்திரிகை, எந்த வருஷம், இந்த மூணையும் நோட்டுல எழுதிருங்க. பாதி சண்டை அதுலயே முடிஞ்சுரும்.

அடுத்து, நாம பதிலே இல்லன்னு நெனைக்கிற கேள்வில முக்கால்வாசிக்கு பதில் எப்பவோ வந்துருச்சு, கடைமடைக்கு தண்ணி வர்ற மாதிரி நமக்கு லேட்டா கொஞ்சமா வந்துச்சு, அவ்வளவுதான். இத்தாலி காமிக்ஸ் கவ்பாய் ஹீரோ டெக்ஸ் வில்லர எடுத்துக்குங்க. பையன் கிட் இருக்கான், அம்மா எங்கன்னு கேக்காத ஆளே கிடையாது. அவங்க பேரு லிலித், நவஹோங்குற செவ்விந்திய இனத்து தலைவரோட பொண்ணு, வியாபாரிங்க வித்த நோய் ஒட்டுன கம்பளியால அம்மை வந்து செத்துட்டாங்க, இத்தாலியில அத ஒரு ஃப்ளாஷ்பேக் கதையாவே போட்டுட்டாங்க. தமிழ்ல கதைங்க ஒரிஜினல் வரிசைப்படி வரல, அதனால நமக்கு அது மர்மமா நின்னுச்சு. ஃபேன்டம் கல்யாணமும் இப்படித்தான், 1977ல டயானாவோட முடிஞ்சு 1979ல கிட், ஹெலோய்ஸ்னு ரெட்டை புள்ளைங்க, ஆனா நம்ம கைல முன்ன பின்ன மாறி சிக்குற புக்குல ஒண்ணுல குடும்பஸ்தன், அடுத்ததுல பிரம்மச்சாரி. எனவே கடைல கட்டு கட்டா வாங்குனா தமிழ்ல வந்த தேதிய நம்பாதீங்க, ஒரிஜினல்ல எப்ப வந்துச்சுன்னு தேடி அந்த வரிசைல அடுக்குங்க. தினசரி ஸ்ட்ரிப்பா, அதாவது பேப்பர்ல தினம் ரெண்டு மூணு கட்டமா வந்ததா இருந்தா கட்டத்தோட ஓரத்துல பொடி எழுத்துல தேதியோ காப்பிரைட் வரியோ இருக்கும், நம்ம ஊர் பதிப்புல அத பல நேரம் அழிச்சுருப்பாங்க, இருந்தாலும் லென்ஸ் வச்சு ஒரு தடவ பாத்துருங்க. சில இடத்துல அரைகுறையா ஒரு நம்பர் தப்பிச்சு நிக்கும்.

ஒண்ணுக்கொண்ணு முரணா வந்தா என்ன பண்றது? இங்க நம்ம பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரர் காட்டுன வழி இருக்கு. உ.வே.சா கும்பகோணம் காலேஜ்ல வாத்தியாரா இருக்கும்போதே ஏடு ஏடா ஒப்பிட்டு 1887ல சீவக சிந்தாமணிய அச்சுல கொண்டு வந்தாரு, ஒரு ஏட்டுக்கும் இன்னொரு ஏட்டுக்கும் வித்தியாசப்பட்டா பாடபேதம்னு குறிச்சு வைக்கிறதுதான் அந்த வேலையோட முறை. பொம்மை புத்தகத்துக்கு இவ்வளவு சீனான்னு சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். ஃபேன்டம் வாழுற பங்கல்லா எங்க இருக்கு? ஆரம்ப கதைங்கள்ல ஆசியா பக்கம் வாடை அடிக்கும், அப்புறம் ஆப்பிரிக்காவுக்கு போயிருச்சு, இந்தியாவுல வந்த இந்திரஜால் காமிக்ஸ்ல நம்ம நாட்டுக்காக டெங்காலின்னு பேர மாத்தி, ஃபேன்டமோட எதிரிங்களான சிங் கொள்ளைக்காரங்கள சிங்கா ஆக்கிட்டாங்க. இதுல எது உண்மைன்னு தீர்ப்பு சொல்லாதீங்க, மூணையும் வருஷத்தோட பக்கத்து பக்கத்துல எழுதுங்க. இன்னொரு விஷயம், ஃபேன்டம்ல தினசரி கதை வேற, 1939லேர்ந்து வந்த ஞாயிறு கதை வேற, ரெண்டையும் ஒரே கயிறுல கோத்தா காலக்கணக்கு கண்டிப்பா இடிக்கும்.

இவ்வளவும் பாத்துட்டு மிச்சம் நிக்கிறதுதான் நிஜமாவே சொல்லாம விட்டது. அதுலயும் ரெண்டு ஜாதி. கால்வின்ங்குற சின்ன பையனும் ஹாப்ஸ்ங்குற அவனோட பொம்மை புலியும் வர்ற கால்வின் ஹாப்ஸ் காமிக்ஸ்ல அப்பா அம்மாவுக்கு பேரு கிடையாது, அது வேணும்னே செஞ்சது, அந்த பையனுக்கு அவங்க அப்பா அம்மா, அவ்வளவு போதும்னு அத படைச்ச வாட்டர்சன் விட்டாரு. அப்பா கூடப்பொறந்த மேக்ஸ்னு ஒருத்தர கொண்டு வந்தாரு பாருங்க, கூடப்பொறந்தவரையோ அவரு பொண்டாட்டியையோ பேர் சொல்லி கூப்புட முடியாம திணறி அந்தாளு அத்தோட காணாம போயிட்டாரு. அதே காமிக்ஸ்ல கால்வின் பண்ணுன நூடுல்ஸ் விவகாரம்னு ஒண்ணு, அது என்னன்னு கடைசி வரைக்கும் சொல்லல, வாசகர் கற்பனைக்கு விட்டாச்சு. இந்த மாதிரி கேள்விக்கு நீங்களா ஒரு பதில் செஞ்சு வைக்கிறது எனக்கு சுத்தமா புடிக்காது. ரெண்டாவது ஜாதி, படைச்சவருக்கே வேல முடிஞ்சு நழுவ விட்டது. கார்ஃபீல்ட்ங்குற பூனை காமிக்ஸ்ல ஓடிங்குற நாய கூட்டிட்டு வந்த லைமன், பூனைய வளக்குற ஜானோட ரூம்மேட், 80கள்ல ஆளு சத்தமில்லாம அவுட்டு, நாய் மட்டும் அங்கயே தங்கிருச்சு. இதுல நீங்க தாராளமா ஊகிக்கலாம், ஆனா ஊகம்னு தலைப்பு போட்டு தனியா வைங்க.

நம்ம ஊர் கேஸ் கன்னித்தீவு படக்கதை. 1960லேர்ந்து தினத்தந்தில ஓடுது, சிந்துபாத்தும் லைலாவும் எந்த ஊர்ல கிளம்புனாங்கன்னு டீக்கடை பெருசுங்கள கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. கேளுங்க, மறக்காம எழுதுங்க, எந்த வயசுல படிச்சது, எந்த ஊர் கடைல படிச்சதுன்னும் சேத்து எழுதுங்க, ஆனா ஞாபகத்துலேர்ந்து சொன்னத பென்சில்ல எழுதுங்க, கட்டத்த கண்ணால பாத்தப்புறம் மட்டும் பேனாவ எடுங்க. யாராவது பழைய பேப்பர் கட்டிங் ஒட்டுன நோட்டு வச்சுருந்தா அத இரவல் கேக்காதீங்க, அவங்க வீட்லயே உக்காந்து போன்ல போட்டோ எடுத்துக்குங்க, பின்பக்கம் இருக்குற விளம்பரத்தையும் சேத்து எடுங்க, தேதி கிழிஞ்சு போயிருந்தாலும் அதுல இருக்குற பட ரிலீஸ வச்சு வருஷத்த புடிச்சுரலாம்.