பிழைச்செய்தி காட்டாத பிழைகள்

தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் மொழியான எஸ்.கியூ.எல்.லில் எழுதியது ஓடாமல் நின்றுவிட்டால் அது நல்ல பிழை. பத்து நிமிடத்தில் திருத்திவிடலாம். சத்தமில்லாமல் ஓடி, நம்பும்படியான தவறான எண்ணைத் தருபவைதான் மூலத் தரவை அறிக்கைக்கு ஏற்ற டேபிள்களாக மாற்றும் அனலிடிக்ஸ் இன்ஜினியரின் தூக்கத்தைக் கெடுப்பவை. குழுவில் இரண்டு பேர் இருந்தவரை, யாராவது ஒருவர் "இது இடிக்கிறதே" என்று கண்டுபிடித்துவிடுவார். பத்துப் பேரும் முந்நூறு மாடல்களும் (டேபிளை உருவாக்கும் எஸ்.கியூ.எல். கோப்புகள்) ஆனபிறகு அந்தக் கண் இருக்காது.

முக்கியமான தவறு, ஒரு டேபிளில் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது என்று முடிவு செய்யாமலே எழுதத் தொடங்குவது. ஆர்டர் டேபிளில் ஓர் ஆர்டருக்கு ஒரு வரிசை. மொத்தத் தொகை 900. அந்த ஆர்டரில் மூன்று பொருட்கள். பொருட்களின் டேபிளோடு ஜாயின் செய்ததும் (இணைத்ததும்) அதே 900 மூன்று வரிசைகளில் வந்து உட்கார்ந்துகொள்ளும், கூட்டினால் 2,700. உடனே பலர், ஒரே மதிப்பு மறுபடி வந்தால் ஒருமுறை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்ட் போட்டுக் கூட்டுவார்கள். அப்போது, உண்மையிலேயே 900க்கு வந்த வேறோர் ஆர்டரும் காணாமல் போய்விடும். பொருட்களை ஆர்டர் வாரியாகத் தொகுத்துவிட்டுத்தான் ஜாயின் செய்ய வேண்டும். ஆர்டர் எண்ணுக்கு, ஒரே எண் இருமுறை வந்தால் காட்டிக்கொடுக்கும் யூனிக் டெஸ்ட் ஒன்றும் வைத்துவிடுங்கள். மாடல்களை ஓட்டிச் சோதிக்கும் கருவியான டிபிடியில் அது ஓரிரு வரி வேலை. செய்யாததற்குச் சாக்கு கிடையாது.

அடுத்தது, தரவு இல்லாத இடத்தில் நிற்கும் 'நல்'. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு நல்லது எதையும் செய்யாத மதிப்பு அது. பட்டியலில் இல்லாதவற்றை மட்டும் கேட்கும் 'நாட் இன்' போட்டுக் கொடுக்கும் பட்டியலில் ஒரே ஒரு நல் இருந்தால் போதும், ஒரு வரிசைகூடத் திரும்பி வராது. அதற்குப் பதிலாக 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' எழுதிப் பழகுங்கள்.

புதியதை மட்டும் சேர்க்கும் இன்கிரிமென்டல் மாடல்களில் கசிவு மெதுவாக நடக்கும். கடைசியாகச் சேர்ந்த நிகழ்வின் நேரத்துக்குப் பிந்தையவற்றை மட்டும் எடுத்தால், இணைப்பில்லாத கைபேசியிலிருந்து நேற்றைய நிகழ்வு இன்று வரும்போது அது வெளியிலேயே நின்றுவிடும். சில நாட்கள் பின்னோக்கிப் போய் எடுத்து, ஒவ்வொரு வரிசையையும் அடையாளம் காட்டும் தனித்த கீ ஒன்றை வைத்து மேலெழுதுவதே பாதுகாப்பு. எத்தனை நாட்கள் என்பதை உங்கள் தரவின் தாமதத்தை அளந்து முடிவு செய்யுங்கள்.

குழு வளரும்போது வருவது இன்னொரு வகை. 'செயல்படும் வாடிக்கையாளர்' என்றால் விற்பனைப் பிரிவுக்கு உள்நுழைந்தவர், நிதிப் பிரிவுக்குப் பணம் கட்டியவர். ஒரே கூட்டத்தில் இரண்டு எண்கள் திரையில் வந்து, இரண்டையும் நானே தயாரித்திருந்தேன் என்று தெரிந்த நாள் எனக்கு உண்டு. இரண்டு கணக்குகளும் சரிதான். பெயர் ஒன்றாக இருந்ததுதான் தவறு. கணக்கீட்டை டாஷ்போர்டுகளுக்குள் புதைக்காமல் மாடலில் ஓரிடத்தில் வைத்து, இரண்டுக்கும் வேறு வேறு பெயர் சூட்டினோம்.

டெஸ்ட் போடாதது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் தினமும் சிவப்பாக எரியும் நாற்பது டெஸ்ட்டுகளும் அதே அளவு தவறு. நாற்பத்தொன்றாவதை யார் பார்ப்பார்கள்? யாரும் திருத்தப்போவதில்லை என்றால் அந்த டெஸ்ட்டை நீக்கிவிடுங்கள்.

நெடுவரிசைப் பெயரை மாற்றும்போதும் நிதானம் தேவை. பழைய பெயரையும் சில வாரம் கூடவே வைத்திருங்கள். தரவுக் கிடங்கான வேர்ஹவுஸில், யார் எதைக் கேட்டார்கள் என்று காட்டும் குவெரி பதிவில் அதை யார் இன்னும் படிக்கிறார்கள் என்று பார்த்து, அவர்களிடம் சொல்லிவிட்டு, அதன்பிறகு அழியுங்கள்.