பேக்லிங்க் சம்பாதிப்பது எப்படி? புதிதாகத் தளம் தொடங்கியவர்களுக்கான செய்முறை

“கட்டுரைகளை உழைத்துத்தான் எழுதுகிறேன். ஆனாலும் கூகுள் தேடலில் என் தளம் கண்ணிலேயே படுவதில்லை.” இப்படிச் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்கு அறிமுகமே இல்லாத யாராவது, தங்கள் தளத்தில் உங்கள் பக்கத்தைக் குறிப்பிட்டு இணைப்புக் கொடுத்திருக்கிறார்களா?

அப்படி வெளியிலிருந்து வரும் இணைப்புக்குப் பெயர்தான் பேக்லிங்க். ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1996-இல் உருவாக்கிய, பின்னாளில் கூகுள் ஆன தேடுபொறிக்கு முதலில் வைத்த பெயரே ‘பேக்ரப்’. ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவதற்கு மதிப்பு அதிகம் அல்லவா, இணையப் பக்கங்களையும் அப்படி எடைபோடலாம் என்பது அவர்கள் யோசனை. எத்தனை இணைப்பு வருகிறது என்பதோடு, இணைப்பைக் கொடுக்கும் பக்கத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். அதுதான் பேஜ்ரேங்க். இன்று கூகுள் வேறு பல விஷயங்களையும் பார்க்கிறது, ஆனால் இணைப்புகளைப் பார்ப்பதை விட்டுவிடவில்லை.

விளக்கம் எளிதாக இருக்க, சைக்கிள் பழுதுபார்ப்பது பற்றி ஒரு தளம் வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

நல்ல இணைப்பு எது?

சைக்கிள் பயணங்களைப் பற்றி எழுதும் ஒருவர், பஞ்சர் ஒட்டுவதைச் சொல்லும் இடத்தில் “முழு விளக்கம் இங்கே” என்று உங்கள் பக்கத்தைக் காட்டினால், அது நல்ல இணைப்பு. அவருடைய வாசகருக்கு அந்த இடத்தில் அது தேவை, சொடுக்கிப் பார்ப்பார். கடன், மருந்து, சூதாட்டம் என்று எல்லாம் கலந்து கிடக்கும் தளத்தின் அடியில் ஐம்பது இணைப்புகளுக்கு நடுவே உங்கள் பெயர் இருந்தால், அங்கிருந்து ஒருவரும் வரப்போவதில்லை. ஓர் இணைப்பை மதிப்பிட நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: கூகுள் என்று ஒன்றே இல்லாவிட்டாலும் இந்த இணைப்பால் எனக்குப் பயன் உண்டா?

ஒரு தளத்தின் இணைப்பு வலிமையை மதிப்பிடும் டொமைன் அத்தாரிட்டி, டொமைன் ரேட்டிங் போன்ற எண்களைப் பலர் பெரிதாகப் பேசுவார்கள். முதலாவது மாஸ் நிறுவனத்தின் அளவுகோல், இரண்டாவது ஏரெஃப்ஸ் நிறுவனத்தின் அளவுகோல். கூகுள் தன் தரவரிசைக்கு இவற்றைப் பயன்படுத்துவதில்லை. இரண்டு தளங்களை ஒப்பிட வைத்துக்கொள்ளலாம், அதற்குமேல் அந்த எண்களைத் துரத்த வேண்டாம்.

நோஃபாலோ என்ற சொல்லும் காதில் விழும். கருத்துப் பெட்டிகளில் குவிந்த ஸ்பேமை, அதாவது குப்பை விளம்பரங்களைத் தடுக்க 2005-இல் வந்த குறிச்சொல் இது. “இந்த இணைப்புக்கு நான் பரிந்துரை தரவில்லை” என்று தளக்காரர் தேடுபொறிக்குச் சொல்லும் வழி. 2019-இல் கூகுள் இதோடு இன்னும் இரண்டைச் சேர்த்தது: பணம் வாங்கிக்கொண்டு தரும் இணைப்புக்கு ‘ஸ்பான்சர்டு’, பயனர்கள் தாங்களே இடும் இணைப்புக்கு ‘யுஜிசி’. விக்கிப்பீடியாவிலிருந்து வெளியே செல்லும் இணைப்புகளும் நோஃபாலோதான். அதனால் அவை வீண் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த வழியாக வந்து உங்கள் பக்கத்தைப் படிப்பவர், நாளை தன் தளத்தில் உங்களுக்கு இணைப்புத் தருபவராக இருக்கலாம்.

படி 1: கையில் இருப்பதை எண்ணுங்கள்

தளக்காரர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் உங்கள் தளத்தைச் சேர்த்து, அது உங்களுடையதுதான் என்று உறுதிசெய்யுங்கள். இடப்பக்கப் பட்டியலில் இணைப்புகளுக்கான பகுதி இருக்கும். எந்தத் தளங்கள் உங்களை இணைத்திருக்கின்றன, எந்தப் பக்கத்துக்கு அதிக இணைப்பு என்பதெல்லாம் அங்கே தெரியும். கட்டணம் கிடையாது. பட்டியலை இறக்கி ஒரு விரிதாளில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏரெஃப்ஸ், பிங் ஆகியவற்றின் வெப்மாஸ்டர் கருவிகளிலும் சொந்தத் தளத்தின் இணைப்புகளை இலவசமாகப் பார்க்கலாம். மூன்று பட்டியலும் ஒன்றுபோல இருக்காது. யாரும் முழு இணையத்தையும் துழாவி முடிப்பதில்லை என்பதால் அது இயல்பு.

படி 2: கைநழுவியதை மீட்டெடுங்கள்

புதியவர்கள் தாண்டிப் போய்விடும் படி இது. என்னைக் கேட்டால், குறைந்த உழைப்பில் அதிகம் கிடைப்பது இங்கேதான்.

பழைய பக்கம் ஒன்றின் முகவரியை என்றோ மாற்றியிருப்பீர்கள். வெளியே யாரோ பழைய முகவரிக்கே இணைப்புக் கொடுத்திருப்பார். சொடுக்கினால் 404, அதாவது ‘பக்கம் இல்லை’ என்ற பிழை. உங்களுக்குக் கிடைத்த பேக்லிங்க் சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. முதல் படியில் இறக்கிய பட்டியலில் உள்ள உங்கள் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். திறக்காதவற்றுக்கு, அதே விஷயத்தைச் சொல்லும் புதிய பக்கத்தை நோக்கி 301 என்னும் நிரந்தரத் திருப்புதலைப் போடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடாதீர்கள். பஞ்சர் ஒட்ட வழி தேடி வந்தவரை வாசலில் நிறுத்தினால் அவர் திரும்பிப் போய்விடுவார், தேடுபொறியும் அதை உண்மையான மாற்றாக ஏற்பதில்லை.

அடுத்து, பெயரைச் சொல்லிவிட்டு இணைப்பைத் தராதவர்கள். உங்கள் தளத்தின் பெயரை மேற்கோள் குறிகளுக்குள் இட்டு கூகுளில் தேடுங்கள், அந்தப் பெயர் புதிதாக எங்கே வந்தாலும் மின்னஞ்சலில் தெரிவிக்கும் கூகுள் அலர்ட்ஸிலும் பதிந்து வையுங்கள். யாராவது உங்களைக் குறிப்பிட்டிருந்தால், நன்றி சொல்லி, பெயருடன் இணைப்பும் இருந்தால் வாசகர்கள் எளிதாக வந்து சேர்வார்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். ஏற்கெனவே உங்களை மதித்து எழுதியவர் என்பதால் மறுக்க அவருக்குக் காரணம் குறைவு.

நீங்கள் எடுத்த படங்களையும் இப்படித் தேடலாம். டின்ஐ, கூகுள் லென்ஸ் இரண்டிலும் படத்தைக் கொடுத்தால் அது வேறெங்கு இருக்கிறது என்று காட்டும். அனுமதி இல்லாமல் எடுத்திருந்தாலும் முதல் கடிதத்திலேயே சண்டைக்குப் போக வேண்டாம். “படத்தை வைத்துக்கொள்ளுங்கள், அது என் தளத்துப் படம் என்று குறிப்பிட்டு இணைப்புத் தாருங்கள்” என்று கேளுங்கள். பிறர் இலவசமாகப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் முன்கூட்டியே வெளியிட்டால், பெயர் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை எல்லோருக்கும் தெரிந்ததாகிவிடும்.

படி 3: மற்றவர் சுட்டிக்காட்டத் தேவைப்படும் ஒரு பக்கத்தை உருவாக்குங்கள்

மொத்த வேலையும் இங்கேதான் இருக்கிறது. மற்ற படிகளெல்லாம் இந்தப் பக்கத்தை நாலு பேர் கண்ணில் படவைக்கும் வழிகள்தான். “சைக்கிள் ஓட்டுவதன் பத்து நன்மைகள்” என்ற கட்டுரைக்கு யாரும் இணைப்புத் தர மாட்டார்கள். அது எல்லோரிடமும் இருக்கிறது. ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது, ஒரு தகவலுக்கு ஆதாரம் காட்ட வேண்டிய இடத்தில், அல்லது “இதை விளக்கப் போனால் கட்டுரை நீண்டுவிடும்” என்று தோன்றும் இடத்தில்தான் இணைப்புக் கொடுப்பார். அந்த இடத்துக்குப் பொருந்தும் பக்கம் உங்களிடம் இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். 26 அங்குலம் என்று எழுதியிருக்கும் சைக்கிள் டயர்கள் எல்லாம் ஒரே அளவு அல்ல. ரிம்மில் உட்காரும் விட்டத்தை அளந்தால் ஒன்று 559 மில்லிமீட்டர், இன்னொன்று 571, மற்றொன்று 590. தெரியாமல் வாங்கி, ரிம்மில் ஏறாத டயரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. டயரின் பக்கவாட்டில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும், எது எந்த ரிம்முக்குப் பொருந்தும் என்று நீங்களே அளந்து, படம் எடுத்து, ஒரே அட்டவணையாக வைத்தால், டயர் வாங்குவது பற்றி எழுதும் எவருக்கும் அந்தப் பக்கம் தேவைப்படும்.

சின்னக் கணிப்பானும் இதே வேலையைச் செய்யும். முன் பல்சக்கரத்தின் பற்களைப் பின் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்து, சக்கரத்தின் விட்டத்தால் பெருக்கினால் கியரின் அளவு கிடைக்கும். மூன்று எண்களை இட்டால் விடை சொல்லும் பெட்டி ஒன்றைச் செய்ய அதிகம் நிரல் தெரிய வேண்டியதில்லை. சொந்தமாகத் திரட்டிய தரவு, செய்து பார்த்த சோதனை, வேறெங்கும் தெளிவாக இல்லாத சொல் ஒன்றுக்கு விளக்கம், நல்ல வரைபடம் ஆகியவையும் இந்த வகைதான். தரவு என்றால் எப்படிச் சேகரித்தீர்கள், எத்தனை பேரிடம் கேட்டீர்கள் என்பதை அதே பக்கத்தில் எழுதுங்கள். கவனமாக எழுதுபவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் மேற்கோள் காட்டுவார்கள்.

இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்டால் பொதுவான கட்டுரை நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது. அந்த மாதிரி எழுத்துக்கு இணைப்புத் தர யாருக்கும் அவசியமே இல்லாமல் போய்விட்டது. கையில் கிரீஸ் படிய அளந்து எழுதிய எண்ணுக்கு இருந்த மதிப்பு இதனால் கூடியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

படி 4: உடைந்த இணைப்புகளைத் தேடுங்கள்

இணையப் பக்கங்கள் நினைப்பதைவிட வேகமாகச் சாகின்றன. 2013-இல் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டுகளில் காணாமல் போய்விட்டதாக பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அவற்றுக்கு இணைப்புக் கொடுத்த கட்டுரைகள் பல இன்னும் உயிரோடு இருக்கின்றன.

உங்கள் துறையில் “பயனுள்ள தளங்கள்” போன்ற தொகுப்புப் பக்கங்களைத் தேடி எடுங்கள். குரோம் உலாவிக்கான ‘செக் மை லிங்க்ஸ்’ போன்ற நீட்சியை அந்தப் பக்கத்தில் ஓட்டினால், திறக்காத இணைப்புகளைச் சிவப்பில் காட்டும். இறந்துபோன பக்கத்தில் என்ன இருந்தது என்பதை பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் பாருங்கள். அதே தேவையை நிறைவேற்றும் பக்கம் உங்களிடம் இருந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள். அதை அப்படியே நகலெடுத்துப் போடுவது திருட்டு.

படி 5: கடிதம் எழுதுங்கள்

ஒரே கடிதத்தை ஐந்நூறு பேருக்கு அனுப்பும் கருவிகள் இருக்கின்றன. தொடவே தொடாதீர்கள். வாரம் ஐந்து பேர் போதும், ஆனால் ஐந்து பேருடைய கட்டுரையையும் உண்மையிலேயே படித்திருக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

“வணக்கம். பழைய சைக்கிளுக்கு டயர் மாற்றுவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதில் அளவு அட்டவணை என்று கொடுத்திருக்கும் இணைப்பு இப்போது திறக்கவில்லை, 404 என்று வருகிறது. அதே அளவுகளை நான் மில்லிமீட்டரில் அளந்து, படங்களுடன் தொகுத்திருக்கிறேன். முகவரியைக் கீழே தந்திருக்கிறேன். உங்கள் வாசகர்களுக்குப் பயன்படும் என்று தோன்றினால் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் பழைய இணைப்பை நீக்கிவிட்டால் நல்லது என்று நினைத்தே எழுதுகிறேன்.”

அவ்வளவுதான். புகழ்ந்து நாலு பத்தி வேண்டாம். “நீங்கள் தந்தால் நானும் தருகிறேன்” என்ற பேரமும் வேண்டாம். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதோடு விட்டுவிடுங்கள். பலர் பதிலே போட மாட்டார்கள், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

படி 6: செய்தியாளர்களுக்குக் கைகொடுங்கள்

செய்தியாளர்கள் தங்கள் கட்டுரைக்கு விவரம் தெரிந்தவர்களைத் தேடுவார்கள். அவர்களையும் அப்படிப்பட்டவர்களையும் சேர்த்துவைக்கச் சேவைகள் உண்டு. 2008-இல் தொடங்கிய ஹாரோ அவற்றில் பெயர்பெற்றது. இடையில் பெயர் மாறி, 2024 டிசம்பரில் மூடப்பட்டு, 2025-இல் வேறொரு நிறுவனத்தின் கையில் மறுபடியும் வந்தது. குவோட்டட், சோர்ஸ் ஆஃப் சோர்சஸ் ஆகியவையும் இருக்கின்றன. உங்கள் அனுபவத்துக்குள் வரும் கேள்விக்கு மட்டும், சீக்கிரமாக, அப்படியே எடுத்துப் போடக்கூடிய மூன்று நான்கு வாக்கியங்களில் பதில் அனுப்புங்கள். நீங்கள் யார், இந்த விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். செய்தியாளருக்கு முதலில் தேவைப்படுவது அந்த வரிதான்.

கெஸ்ட் போஸ்ட், அதாவது பிறர் தளத்தில் விருந்தினராகக் கட்டுரை எழுதலாமா என்று கேட்பார்கள். அந்தத் தளத்தின் வாசகர்களைச் சென்றடைய எழுதுவதானால், தாராளமாக. இணைப்பு ஒன்றுக்காக வருவோர் போவோர் கட்டுரையெல்லாம் போடும் தளம் என்றால் வேண்டாம்.

இதைச் செய்யவே வேண்டாம்

“ஆயிரம் பேக்லிங்க், ஒரே வாரத்தில்” என்று விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என் முதல் தளத்துக்கு அப்படி ஒரு தொகுப்பை நானும் வாங்கினேன். வந்த இணைப்புகளில் என் துறையைச் சேர்ந்த தளம் ஒன்றுகூட இல்லை, சில மாதங்களில் பெரும்பாலானவை மறைந்தும் போயின. தரவரிசைக்காகப் பணம் கொடுத்து வாங்கும் இணைப்பு கூகுளின் விதிகளுக்குப் புறம்பானது. 2012 ஏப்ரலில் கூகுள் தன் தரவரிசை முறையில் செய்த பெங்குவின் மாற்றத்தில் இப்படி இணைப்புச் சேர்த்த தளங்கள் தேடலில் கீழே சரிந்தன. 2022 டிசம்பரிலிருந்து கூகுளின் ஸ்பேம்பிரைன் என்ற அமைப்பு, விற்கும் தளங்களையும் வாங்கும் தளங்களையும் கண்டுபிடித்து அந்த இணைப்புகளைச் செல்லாததாக்குகிறது. விளம்பரத்துக்காகப் பணம் கொடுப்பதில் தவறில்லை. இணைப்பில் ஸ்பான்சர்டு அல்லது நோஃபாலோ குறிச்சொல் இருக்க வேண்டும், அவ்வளவே.

உங்களுக்குத் தெரியாமல் குப்பைத் தளங்கள் சில இணைப்புக் கொடுத்திருந்தால் பதற வேண்டாம். கூகுள் பெரும்பாலும் அவற்றைத் தானே ஒதுக்கிவிடும். குறிப்பிட்ட இணைப்புகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளுக்குச் சொல்ல டிஸவோ என்ற கருவி இருக்கிறது. ஆனால் சர்ச் கன்சோலில் இணைப்புகள் தொடர்பாக, கூகுள் ஊழியர்களே பார்த்து எடுக்கும் நேரடி நடவடிக்கை பற்றி அறிவிப்பு வந்திருந்தாலோ, முன்பு வாங்கிய இணைப்புகளால் அது வரும் என்ற நிலை இருந்தாலோ ஒழிய அதைத் தொடாதீர்கள். நல்ல இணைப்பையும் தவறுதலாக வெட்டிவிடும் ஆபத்து உண்டு.

படி 7: வந்த பலத்தை உள்ளே பகிருங்கள்

வெளி இணைப்புகள் பெரும்பாலும் ஓரிரு பக்கங்களுக்குத்தான் வரும். நம் உதாரணத்தில் டயர் அட்டவணைக்கு வரும். பஞ்சர் ஒட்டுவது, ரிம் தேர்ந்தெடுப்பது என்று தொடர்புள்ள உங்கள் மற்ற பக்கங்களுக்கு அந்த அட்டவணைப் பக்கத்திலிருந்து இணைப்புக் கொடுங்கள். “இங்கே சொடுக்கவும்” என்று போடாமல், “டியூபில் பஞ்சர் ஒட்டும் முறை” என்று போகும் இடத்தைச் சொல்லும் சொற்களையே இணைப்பாக்குங்கள். வெளியிலிருந்து வந்த மதிப்பு அந்த வழியாக மற்றப் பக்கங்களுக்கும் போகும். மாதம் ஒருமுறை முதல் படியின் விரிதாளைத் திறந்து புதிதாக வந்தவர்களைப் பாருங்கள். யார், எந்த வாக்கியத்தில், எதற்காக உங்களைச் சுட்டினார் என்று போய்ப் படியுங்கள். அடுத்து எந்தப் பக்கத்தை எழுத வேண்டும் என்பது அந்த வாக்கியத்திலேயே இருக்கும்.