ஸ்பேசர் வாங்குமுன் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள்

ஸ்போர்ட்ஸ் காரின் சக்கரம் மட்கார்டு விளிம்போடு சமமாக நிற்க எத்தனை மில்லிமீட்டர் ஸ்பேசர் (சக்கரத்தின் உட்புறம் வைத்து அதை வெளியே தள்ளும் உலோகத் தட்டு) தேவை என்பதைக் கண்ணளவில் முடிவுசெய்யாமல், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, விளிம்பின் உச்சியிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் மேற்பகுதிக்கும் இடையேயுள்ள தூரத்தை அளப்பதே சரியான வழி. ஜாக்கியில் தூக்கிய நிலையில் எடுத்த அளவு உதவாது. நான்கு சக்கரங்களையும் தனித்தனியே அளந்து, கிடைத்ததில் இரண்டு மூன்று மில்லிமீட்டரைக் குறைத்துக்கொள்வது நல்லது. ஆட்களை ஏற்றிக்கொண்டு அம்பாசமுத்திரம் பக்கம் வேகத்தடைகளில் இறங்கும்போது வண்டி அமுங்கி, டயர் உரசக்கூடும்.

ஸ்பேசரின் நடுத்துளை ஹப்பின் (சக்கரம் பூட்டப்படும் அச்சு முனை) விட்டத்தோடு இறுக்கமாகப் பொருந்த வேண்டும். போர்ஷே 911-இல் அந்த விட்டம் 71.6 மி.மீ.; துளை தளர்வாக இருந்தால் ஸ்டீயரிங் அதிரும். போல்ட் கொண்டு சக்கரம் பூட்டும் வண்டிகளில், 15 மி.மீ. ஸ்பேசருக்கு அதே அளவு நீளம் கூடிய போல்ட்டுகளையும் சேர்த்தே வாங்க வேண்டும். பழைய போல்ட்டையே முடுக்கினால் மரை போதிய ஆழத்திற்குப் பிடிக்காது என்பதால், இதில் சிக்கனம் பார்ப்பது வீண் துணிச்சல். பூட்டியபின் ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுவதுமாகத் திருப்பி உரசல் இல்லையென உறுதிசெய்துகொண்டு, திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரி செல்லும் தூரம், அதாவது ஏறத்தாழ 80 கி.மீ., ஓடியதும் டார்க் ரெஞ்சால் (முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பேனர்) மீண்டும் முறுக்கைச் சரிபார்க்கவும்.