ஆளைப் பிரித்துக் காட்ட அப்பர்ச்சர் மட்டும் போதாது

தெருப் படங்களில் கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால், பலரும் பின்னணியை மங்கலாக்க உடனே அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, முழுசாகத் திறந்துவிடுகிறார்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

சுவரில் சாய்ந்து பேப்பர் படிப்பவரை எஃப் 1.8-இல் (எஃப் எண் சிறியதானால் துளை பெரிது) எடுத்தாலும், அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரொட்டியை ஏறக்குறைய எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். பின்னணி தள்ளி இருந்தால்தான் மங்கும். அதனால் லென்ஸை மாற்றுவதற்கு முன் இடத்தை மாற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் நகர்ந்து, சுவருக்குப் பதில் தெருவின் நீளம் அவருக்குப் பின்னால் வரும்படி நின்றாலே பாதி வேலை முடிந்தது. கொஞ்சம் நெருங்கிப் போனால் இன்னும் நல்லது.

ஆனால் நெருங்கினால் ஃபோகஸ் மெலிந்துவிடும். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8, ஆள் 2 மீட்டர் தூரத்தில் என்றால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 17 செ.மீ.தான். நடந்து வருபவர் ஓர் எட்டு வைத்தால் அதைத் தாண்டிவிடுவார். முகம் மங்கி, தோள்பை பளிச்சென்று இருக்கும். எஃப் 4-இல் அந்த ஆழம் 38 செ.மீ. ஆகிறது. நடமாடுபவர்களுக்கு நான் அதையே வைப்பேன்.

இன்னொன்று, மங்கல் எதையும் அழிப்பதில்லை. டியூப்லைட்டும் வெயில் பட்ட வெள்ளைச் சட்டையும் மங்கினால் இன்னும் பெரிய வெளிச்சத் திட்டாகிக் கண்ணை இழுக்கும். தலைக்குப் பின்னால் நிற்கும் கம்பம் மங்கினாலும் தலையில் முளைத்த கம்பம்தான். அரை அடி நகருங்கள், போய்விடும்.

உச்சி வெயிலில் எஃப் 1.8 வேண்டுமென்றால் ஒளி உணர்திறனைக் குறைத்து ஐஎஸ்ஓ 100-இல் வைத்தாலும் ஷட்டர் 1/8000 வினாடி அளவுக்குப் போக வேண்டியிருக்கும். 1/4000-உடன் நின்றுவிடும் கேமராவில் படம் வெளுக்கும். லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுங்கள், இல்லையென்றால் எஃப் 2.8-க்கு வாருங்கள்.

போனின் போர்ட்ரெய்ட் மோடில் மங்கல் கணக்குப் போட்டு வருவது. முடியின் ஓரம், கண்ணாடி விளிம்பு, சைக்கிள் கம்பிகளுக்கு நடுவில் அது தடுமாறும். எடுத்தவுடன் பெரிதாக்கிப் பாருங்கள்.

அப்புறம், தெருவையே காணாமல் செய்துவிடும் அளவு மங்கல். இதுதான் எனக்குப் பிடிக்காதது. பஸ்ஸுக்குக் கை காட்டுபவரை எடுத்தால், பின்னால் வருவது பஸ் என்று தெரிய வேண்டும். அது வெறும் நிறக் குழம்பாகிவிட்டால், அவர் யாருக்கு எதற்காகக் கை காட்டுகிறார் என்பதே புரியாது.